வலப்பக்கத் துவாய்

வலப்பாதி முகம் முதலில். சரீப் வலக்கையில் தண்ணீர் ஏந்தி, மூக்குத்தண்டோடு நிறுத்திக் கழுவி, வலத்தோளில் கிடக்கும் நீலத் துவாயால் ஒற்றிக்கொள்கிறார். பிறகு இடக்கை, இடப்பாதி, இடத்தோளில் கிடக்கும் மண்ணிறத் துவாய். ஒரு பக்கத்துச் சொட்டு மறுபக்கம் போய்விடக் கூடாது. பள்ளிவாசல் குழாயடியிலும் இதே ஒழுங்குதான். பின்னால் நிற்பவர்கள் பழகிவிட்டார்கள்.

திருகோணமலை மீன்பிடித் துறைக்கு அருகில், தகரக் கொட்டில் ஒன்றில் படகு எஞ்சின் திருத்துகிறவர் அவர். கிண்ணியாவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருவார். எந்த எஞ்சினையும் கழற்றுவதற்கு முன் அதை ஓடவிட்டுக் காது கொடுப்பார். "இது பெற்றோல் இருமல் இல்ல, தண்ணி இருமல்" என்பார். அவர் கணிப்பு அநேகமாகத் தவறாது. நான்கு வருடங்களுக்கு முன் அப்படியொரு எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் செய்தபோது கயிறு அறுந்து சுண்டியதில் இடக்கண் போயிற்று. அந்தக் குழியில் இப்போது இருப்பது செயற்கைக் கண். நிறத்தில் மற்றதை ஒத்திருக்கும். திரும்புவதில் கொஞ்சம் பிந்தும்.

போன வருடம் குழியில் பீளை கட்டியது. கிளினிக்கில் பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்துச் சோதித்தார்கள். பக்டீரியா வளர்ந்திருப்பதாக அறிக்கை வந்தது. அந்தத் தாளை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்; கிருமி வலக்கண்ணுக்குக் கடந்துவிடுமோ என்ற பயத்தை அப்படி மடிக்க முடியவில்லை. அன்று தொட்டு நாளுக்கு மூன்று தடவை செயற்கைக் கண்ணைக் கழற்றி டெட்டோல் தண்ணீரில் கழுவுகிறார். குழியையும் அதே தண்ணீரால் துடைக்கிறார். படுப்பது இடப்பக்கம் சரிந்துதான். பள்ளத்தில் இருப்பது மேட்டுக்கு ஏறாதல்லவா? உம்மா மௌத்தான அன்றுகூடத் தலையை இடப்பக்கம் சாய்த்தபடியே அழுதார்.

சல்லிக் கிராமத்திலிருந்து எஞ்சின் கொண்டுவரும் யோகராசா இந்தக் கழுவலைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "மூஞ்சையை ரெண்டாப் பிரிச்சுப்போட்டீங்கள், நானா. மூக்கில ஒரு செக்பொயின்ற் போட்டா வேலை லேசு."

கொட்டிலில் எல்லோரும் சிரித்தார்கள். சரீப் சிரிக்கவில்லை. "இதுவும் போனா நீங்களா மச்சான் எனக்குப் பாத்துச் சொல்லப் போறீங்க?" என்றார். யோகராசா பிறகு அந்தப் பகிடியை எடுக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை வலக்கண் சிவந்திருந்தது. மணல் விழுந்தாற்போல ஓர் உறுத்தல். கண்ணாடியில் பார்த்தவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கிருமி கடந்துவிட்டது. மனைவி நஸ்ரியாதான் ஓட்டோ பிடித்து அவரைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். வழி நெடுகக் கடைப் பெயர்ப்பலகைகளை சரீப் வாய்விட்டு வாசித்துக்கொண்டே வந்தார். ஓர் எழுத்துத் தடுக்கினாலும் முதலிலிருந்து வாசித்தார். ஓட்டோக்காரர் இரண்டு தடவை கண்ணாடியில் பார்த்தார்.

டொக்டர் ஒளியடித்துப் பார்த்தார், என்ன போட்டுக் கழுவுகிறீர்கள் என்று கேட்டார், சொட்டு மருந்து எழுதினார். மிச்சத்தை விளக்கியது தாதி நிஷாந்தினி.

"டெட்டோல் விரலோட இந்தக் கண்ணையும் தொட்டிருக்கிறீங்கள். கிருமி செய்யாத வேலையை நீங்கள் செய்திருக்கிறீங்கள், நானா."

"அப்ப, அது இந்தப் பக்கம் வரல்லயா மிஸ்?"

"வாறதுக்கு என்ன இருக்கு? அங்கயும் இருக்கு, இங்கயும் இருக்கு. என்ர கண்ணிலயும்தான். எல்லாருக்கும் சின்னனில இருந்தே இருக்கிறதுகள். சும்மா சும்மா கழட்டிக் கழுவாம விட்டீங்களெண்டா அதுகள் தங்கட பாட்டில இருக்கும்."

நஸ்ரியா பெருமூச்சு விட்டார். சரீப்புக்கு மூச்சு வரவில்லை. போன வருடத்திலிருந்து எந்தக் கண்ணைக் காத்தாரோ அந்தக் கண்ணில் அவை அவருக்குத் தெரியாமலே குடியிருந்திருக்கின்றன. அவர் பெயர்ப்பலகை வாசித்தபோதும், எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தபோதும், உம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தபோதும். "எத்தின இருக்கும்?" என்று மெல்லக் கேட்டார். ஆர் எண்ணிப் பார்த்தது என்று நிஷாந்தினி சிரித்தார்.

பிறகு சரீப்பின் தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்து வலக்கண்ணில் ஒரு சொட்டு விட்டார். ஐந்து நிமிடம் மூடிக்கொண்டிருக்க வேண்டும், திறந்தால் மருந்து வழிந்துவிடும் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போனார்.

மற்றவர்களுக்கு அது ஒரு கண்ணை மூடுவது. சரீப்புக்குச் சுவர் போயிற்று, உட்கார்ந்திருந்த வாங்கு போயிற்று, நஸ்ரியா போனார். தள்ளுவண்டிச் சில்லு ஒன்று எங்கிருந்தோ கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. "நான் இஞ்சதான் இரிக்கன்" என்றது நஸ்ரியாவின் குரல். எந்தப் பக்கமிருந்து என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அரை நிமிடம்கூடப் போயிராது. வலக்கையை முகத்துக்கு நேரே தூக்கி, இமையை நூலளவு திறந்து, உதடு அசைய விரல்களை எண்ணினார். ஐந்து. மருந்து கன்னத்தில் வழிய, மீண்டும் மூடிக்கொண்டார்.