தோலுக்கு உள்ளே பார்த்தவர்

லண்டன் டூட்டிங்கில் என் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது யோகேஸ்வரியின் மகள் அழைத்தாள். "மாமா, அம்மா போயிட்டா." நோயோடு இருந்தவர்தான். ஆனாலும் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு நின்றேன். மாலையில் வந்த மரண அறிவித்தலில் அன்பான தாய், ஓய்வுபெற்ற எக்ஸ்ரே உத்தியோகத்தர் என்று இருந்தது. இரண்டும் உண்மை. கூச்சப்பட்டு அவர்கள் விட்டுவிட்டதை நான் எழுதுகிறேன்: அவர் மான் வேட்டைக்காரி.

ஓய்வுக்குப் பிறகு முறைப்படி பயின்று, உரிமம் எடுத்து, இங்கிலாந்தின் கென்ட் பகுதிக் காடொன்றில் மான்களைக் குறைக்கும் எங்கள் குழுவுக்கு வந்தார். அங்கே மானைத் தின்ன ஓநாய் இல்லை. முளைக்கிற மரக்கன்றை எல்லாம் மான் தின்றுவிடும். ஒருநாள் ஆண் மான் ஒன்று எங்களைப் பார்த்தபடி நின்றது. தலையில் சுடலாமே என்றேன்.

"தலை ஆடும் அண்ணை. தாடை உடைஞ்சால் பட்டினியில சாகும். தோலைப் பாக்காதேங்கோ, உள்ளுக்கு என்ன கிடக்கு எண்டு பாருங்கோ."

அது பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்தார். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, நெஞ்சின் கீழ்ப்பாதியில், இதயமும் நுரையீரலும் சேரும் இடத்தைக் குறிவைத்தார். குண்டு ஊடுருவிப் போனால் தாங்குவதற்குப் பின்னால் மண்மேடு உண்டா என்றும் பார்த்தார். பிறகே சுட்டார். மான் கொஞ்சத் தூரம் ஓடி விழுந்தது.

சுவிஸிலிருந்து இங்கே வந்து வியாபாரம் செய்பவர் ஒருவர் எங்களோடு வருவார். அவர் ஒருமுறை அவசரப்பட்டு மானின் வயிற்றில் சுட்டார். அது புதருக்குள் மறைந்தது. "விடுங்கோ அக்கா, நரி தின்னட்டும்" என்றார். யோகேஸ்வரி விடவில்லை. உடனே துரத்தினால் வலியோடு இன்னும் ஓடும் என்று காத்திருந்து, இரத்தத் தடத்தில் போய், உயிரோடு கிடந்த மானின் வேதனையை ஒரே குண்டில் முடித்தார். திரும்பி வந்து, "இனி என்னோட வராதேங்கோ" என்றார்.

அந்த மனிதர் ஆத்திரத்தில், யோகேஸ்வரி மான் சுடுகிற கதையை எங்கள் கோயிலுக்குக் கொண்டுபோனார். இனி அவர் அன்னதானச் சமையலுக்கு வரக்கூடாது என்று முடிவானது. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தன் காய் வெட்டும் கத்தியோடு வந்து மடைப்பள்ளியில் உட்கார்ந்தார். கோயில் தலைவர் ஓடிவந்தார்.

"மானைச் சுட்ட கையால காய் வெட்டலாமோ தங்கச்சி?"

"நீங்கள் நாளைக்குத் தின்னப்போற கோழியையும் ஆரோ வெட்டினவன்தான். அது எப்பிடிச் செத்தது எண்டு ஒருநாளாவது கேட்டியளோ? நான் சுட்டது எப்பிடிச் செத்தது எண்டு எனக்குத் தெரியும். பாவமெண்டால் அது என்ர பாவம். வதைக்கிற பாவத்தை மட்டும் செய்யமாட்டன்."

ஒரு பெண் பூசணிக்காயை அவர் பக்கம் உருட்டிவிட்டாள். நோய் படுக்கையில் தள்ளும்வரை அவர் அங்கேதான் காய் வெட்டினார். இதை வாசிப்பவர்களில் பலர் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள்.

கடைசியாக நாங்கள் ஒன்றாகக் காட்டுக்குப் போனபோது நல்ல மானொன்று எதிரே வந்தது. அதன் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு சிறு கிளை; அதில் பட்டால் குண்டு திசை மாறும். "சரிவரும்போல கிடக்கு" என்றேன். "ஐமிச்சமோ? சந்தேகமெண்டால் இல்லை" என்று துப்பாக்கியிலிருந்து குண்டை எடுத்துவிட்டார். அந்த "இல்லை"தான் என்னிடம் இருக்கிறது. போன கிழமை நானும் சந்தேகம் வந்து சுடாமல், காட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தேன், தலை நிமிர்ந்து.