லோரிக்கு மாலை, குழாய்க்குத் திட்டு

தண்ணீர் ஒழுங்காக வரும்வரை குழாய்க்காரன் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. நின்றுபோனால் அவன் அம்மா வரைக்கும் எல்லாரும் விசாரிப்பார்கள்.

மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கத்தில் தண்ணீர்க் கம்பெனி ஒன்றில் குழாய் பழுதுபார்த்தே என் ஆயுளில் பாதி போய்விட்டது. வாய்க்கால் ஓரம், செம்பனைக் காடு, ரோட்டோரம் என்று எங்கே குழாய் வெடித்தாலும் குழி தோண்டி உள்ளே இறங்குவது என் வேலை. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. புகாரெல்லாம் லோகநாதனைப் பற்றித்தான். எங்கள் கம்பெனியின் தண்ணி லோரியை ஓட்டுபவர் அவர். நான் குழாயை அடைத்துவிட்டுச் சேற்றில் கிடக்கும்போது, தண்ணீர் இல்லாத வீடுகளுக்கு லோரியில் தண்ணீர் கொண்டு போய்க் கொடுப்பார். நல்ல மனிதர். யாரிடமும் கோபப்பட மாட்டார். எனக்குப் பிடிக்காததும் அதுதான். உங்கள் வேலையிடத்திலும் இப்படி ஒரு லோகா இருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே ஜாதி.

ஒரே தண்ணீர், ரெண்டு ருசி

தஞ்சோங் காராங் போகும் வழியில் ஒரு தோட்டம். விடிந்ததும் குழாய் வெடித்துவிட்டது. நான் போய் இறங்கும்போதே ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, குளிக்காமல் வேலைக்குப் போவதற்கு நான்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் வரை இடுப்பளவு சேற்றில் நின்று, வெடித்த துண்டை அறுத்து எடுத்து, புதுத் துண்டைப் பூட்டி, வால்வைத் திறந்தேன். அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று வீடுகள் பக்கம் நடந்தேன்.

அங்கே கோயில் முன்னால் லோரி நிற்கிறது. வாளியும், தோங்கு என்கிற பெரிய தண்ணீர்த் தொட்டியுமாக வரிசை. லோகா லோரிப் படியில் உட்கார்ந்து ஐஸ் மைலோ குடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு தட்டு நிறைய எண்ணெயில் பொரித்த வாழைப்பழம். யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. காலையிலிருந்து எனக்கு யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. "குழாயில தண்ணி வந்துருச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. கோயில் குழாயைத் திறந்தே காட்டினேன். முன்னால் நின்ற அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் தோங்கை லோரிப் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். லோரியும் எங்கள் பெரிய குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறது, ரெண்டும் ஒரே டேங்கியிலிருந்து வருகிற தண்ணீர் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் சொன்னார்: "இருக்கட்டும் லா அண்ணே. டீ போட லோரித் தண்ணிதான் நல்லா இருக்கு. ஒங்க தண்ணியில குழாய் வாடை அடிக்குது."

தட்டில் ஒட்டிய சந்தனம்

ஆயுத பூஜைக்கு எங்கள் டிப்போவில் சின்னதாக ஒரு படையல் வைப்போம். அந்த வருடம் பக்கத்துத் தோட்டத்துக் கோயில் கமிட்டி, பூஜையைத் தாங்களே செய்வதாகச் சொல்லிவிட்டது. எங்கள் மேல் இவ்வளவு பாசமா என்று நான் நெகிழ்ந்துபோனேன். ஸ்பானர், ரம்பம், மண்வெட்டி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, பேப்பர் விரித்து வரிசையாக அடுக்கி வைத்தேன்.

வந்தார்கள். லோரி முகப்பில் ஆள் உயர ரோஜா மாலை. ரெண்டு பக்கமும் வாழைக்கன்று. சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம். லோகா வண்டியை ஏற்றி நசுக்கியதும் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் தெரிந்துவிடுமே. என் மண்வெட்டி வெயிலில் காய்ந்துகொண்டே கிடந்தது. கடைசியில் கமிட்டிக்காரர் ஒருவர் தட்டோடு என் பக்கம் வந்தபோது எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க, சந்தனம் லோரிக்கே பத்தல. தட்டுல ஒட்டுனத வழிச்சு ஒங்க ஸ்பானருக்கு வச்சிக்கிறீங்களா?"

நிற்காமல் போன குழாய்

இந்த நேரத்தில்தான் ஆற்றோரத்துப் பழைய பம்ப் வீட்டைக் கண்காட்சியாக மாற்றப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் டவுனுக்கு முதன்முதலில் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்த கம்பெனியின் கதையை அங்கே சொல்லப் போகிறார்கள். பொறுப்பு எங்கள் ஆபீசர் சாந்தி மிஸ்ஸுக்கு. வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல, கம்பெனிக்குள்ளிருந்தே ஒரு ஆள் வேண்டும். ஒரு நாற்காலி, ஒரு காற்றாடி, தலைக்கு மேல் கூரை. எனக்கு உயிரே அங்கே போய்விட்டது. என் முழங்கால் தேய்ந்து போயிருந்தது. இனிமேல் குழியில் இறங்கினால் நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழியில் இறங்க முடியாத குழாய்க்காரனுக்கு எங்கள் கம்பெனியில் வேறு வேலை கிடையாது. மகள் இன்னும் படிப்பை முடிக்கவில்லை. அந்த நாற்காலி கிடைத்தால் தப்பித்தேன், இல்லையென்றால் வீட்டுக்கு.

கண்காட்சியில் வைக்கப் பழைய சாமான் ஏதாவது கிடைத்தால் கொண்டுவாருங்கள் என்றார் மிஸ். ஒரு தோட்டத்தில் பழுதுபார்க்கும்போது புதுக் குழாய்க்கு அடியில் தடித்த இரும்புக் குழாய் ஒன்று தட்டுப்பட்டது. எங்கள் வரைபடம் எதிலும் இல்லாதது. வேடிக்கை பார்க்க வந்த வீரப்பன், அந்தத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர், பார்த்ததுமே அடையாளம் சொன்னார். டவுன் கம்பெனி, அரசாங்கக் கச்சேரிக்கும் கடைத்தெருவுக்கும் குழாய் போட்ட கையோடு, மேட்டிலிருந்த துரை பங்களாவுக்கும் ஒன்று இழுத்ததாம். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்கு நடுவிலேயே போனாலும் லயத்துக்கு ஒரு பைப்புகூட வைக்கவில்லையாம். துரை வீட்டுப் பூச்செடி குழாய்த் தண்ணீர் குடிக்க, லயத்துச் சனம் வாய்க்கால் தண்ணீரை வடிகட்டிக் குடித்திருக்கிறது. ஆக, பொறாமை என்பது இந்தத் தோட்டத்துக்குக் குழாயோடு சேர்ந்தே வந்திருக்கிறது, நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வீரப்பன் அந்தக் குழாயைச் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். "எங்க வாசல் வழியாத்தான் போச்சு இந்தக் குழாய். ஒரு நாள்கூட நின்னு என்னா ஏதுன்னு கேட்டதில்ல" என்றார்.

படத்தில் நின்றவர்

அந்த இரும்புக் குழாயில் ஒரு துண்டை அறுத்து எடுக்க எனக்கு ரெண்டு நாள் ஆனது. முழங்கால் வீங்கிவிட்டது. ஆபீஸ் வேன் வொர்க்‌ஷாப்பில் கிடந்ததால் லோகா தன் லோரி ஓரத்தில் கட்டி எடுத்துப் போனார். அவர் பம்ப் வீட்டில் போய் இறங்கிய நேரம் பார்த்தா பத்திரிகைக்காரர் அங்கே நிற்க வேண்டும்? மறுநாள் பேப்பரில், தேய்த்துப் போட்ட சட்டையோடு, குழாய் மேல் ஒரு கை வைத்தபடி லோகா சிரிக்கிறார். சுற்றிலும் பொதுமக்கள். என் கை விரல்கூட அந்தப் படத்தில் இல்லை.

என் மனைவி மல்லிகாவும் எங்கள் கம்பெனியின் வாடிக்கையாளர்தான். எங்கள் வீட்டு மீட்டர் அவள் பெயரில்தான் இருக்கிறது. பேப்பரை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். தோண்டியது நான்தான் என்று ஞாபகப்படுத்தினேன். என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "தோண்டுனது நீங்கதான்னு எனக்குத் தெரியாதா? ஆனா அவரு நின்னாத்தான் தோண்டுன மாதிரி இருக்கு."

ஒரு போன்கூட வரவில்லை

நாற்காலிக்கு விண்ணப்பம் போட்டது ரெண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் யார் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மாலை வாங்கினார், மைலோ குடித்தார், படத்திலும் நின்றார், எல்லாம் போகட்டும். ஒரு நாற்காலியையாவது எனக்கு விடக்கூடாதா? நேரில் கேட்டும் பார்த்தேன். "சும்மாதான் லா போட்டேன், கெடச்சா பாப்போம்" என்று சிரித்தார். எனக்கு வாழ்க்கை, அவருக்குச் சும்மா.

நேர்காணல் அன்று அவர் முதலில் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். நான் போய் உளறிவிட்டு வந்தேன். அவ்வளவுதான் என்று முடிவுகட்டினேன். ஆனால் லோகா லோரியை விடப்போகிறார் என்ற பேச்சு எப்படியோ பரவிவிட்டது. அதே வாரம் ஆபீஸ் வாசலில் கூட்டம். கோயில் கமிட்டி வந்தது. கம்போங் குவாந்தானிலிருந்து மலாய்க்காரப் பெரியவர்கள் வந்தார்கள். பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து சீன மீன் வியாபாரி ஒருவர் கூடை நிறைய நண்டோடு வந்தார். லோகாவை மாற்றக்கூடாது என்று எல்லாரும் ஒரே குரலில் சண்டை போட்டார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் எனக்காக யாராவது இப்படி ஒரு நண்டாவது தூக்கி வருவார்களா என்று நினைத்தபோது நெஞ்சே எரிந்தது.

கூட்டம் கலைந்த பிறகு சாந்தி மிஸ் கூப்பிட்டார். "அண்ணே, கண்காட்சி வேலை ஒங்களுக்குத்தான்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். வாய் சும்மா இருக்கவில்லை. என் அனுபவத்தைப் பார்த்துத்தானே கொடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். பொய் சொல்லத் தெரியாத பெண் அவர். "இல்ல அண்ணே. லோகா அண்ணன லோரியிலேர்ந்து எறக்குனா ஊரே சண்டைக்கு வருது. நீங்களும் குழிய விடப்போறீங்கன்னு பேச்சு கெளம்பி ஒரு வாரமாச்சு, ஒரு போன்கூட வரல."

விளக்கம் கேட்ட அம்மா

இப்போது காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். கால் வீக்கம் வற்றிவிட்டது. பெயர் குத்திய சட்டை. ஞாயிற்றுக்கிழமை ரவாங்கிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மாவின் பெற்றோர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களாம். நான் உற்சாகமாகிவிட்டேன். ஆற்றுத் தண்ணீரைக் கம்பெனி எப்படி ஏற்றியது, முதல் குழாய் யார் வீட்டுக்குப் போனது, கடைத்தெருவுக்கு எப்போது திறந்துவிட்டார்கள், லயத்துக்கு வரிசைக்கு ஒரு பைப்பு வருவதற்குள் எத்தனை துரைகள் மாறினார்கள் எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, தண்ணீரைப் பற்றி நான் பேசி, திட்டாமல் ஒரு கூட்டம் கேட்டது.

அந்த அம்மா இரும்புக் குழாயைத் தடவிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைகுலுக்கி, ரொம்ப நல்லா சொன்னீங்க என்று பாராட்டப் போகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "பாவம் எங்க ஆளுங்க. எங்க அக்கா வீடு இந்தப் பக்கந்தான், லோகா அண்ணன்னு ஒருத்தர் லோரியில தண்ணி கொண்டாருவாராமே, தங்கமான மனுசனாம். அந்தக் காலத்துல அப்படி ஒருத்தர் இல்லாமப் போயிட்டாரு பாத்தீங்களா!"

நாற்காலி கிடைத்தது, முழங்கால் பிழைத்தது, ஆனால் என் வயிற்றெரிச்சலை அணைக்கிற தண்ணீர் மட்டும் இந்த ஊரில் குழாயிலும் வருவதில்லை, லோரியிலும் வருவதில்லை.