ராகுலனின் பச்சைப் புள்ளி

ஹம்சிகாவின் கைபேசியில் இரண்டு ஃபேஸ்புக் கணக்குகள் உண்டு. ஒன்று அவளுடையது. மற்றது அண்ணன் ராகுலனுடையது. அண்ணன் காணாமற்போய்ப் பதினேழு வருடம்.

2008இல் எல்லாரும் ஹாய்-ஃபைவ் என்ற வலைத்தளத்தில்தான் இருந்தார்கள். வெள்ளவத்தை நெட் கஃபேயில் ராகுலன் அரை மணித்தியாலம் எடுத்தால், பாதி நேரம் தன் பக்கத்தில் நட்சத்திரம் மினுங்க வைப்பதிலேயே போகும். புதிதாக வந்த ஃபேஸ்புக்கில் தன் பெயரில் திறந்த கணக்கைக் காட்டி, "இது சரியான அலுப்பு, தங்கச்சி. நீயே வச்சு விளையாடு" என்று பாஸ்வேர்டையும் சொல்லிக் கொடுத்தான். ஒரு பின்னேரம் அதே கஃபேக்குப் போனவன் திரும்பவில்லை. வாசலில் வெள்ளை வான் வண்டியொன்று நின்றது என்று முதலில் சொன்ன கடைக்காரர், பொலிஸ் வந்தபோது ஒன்றையும் காணவில்லை என்றார்.

ஹாய்-ஃபைவில் ஒரு வரி இருந்தது: கடைசியாக வந்த திகதி. பள்ளிக்கூடம் விட்டதும் ஹம்சிகா அதைத்தான் பார்ப்பாள். அது அசையவேயில்லை. பொய் சொல்லத் தெரியாத வரி. பிறகு கூட்டாளிமார் எல்லாரும் ஃபேஸ்புக்குக்கு மாறினார்கள். ஒருநாள் தேடியபோது அண்ணனின் பழைய பக்கமே இல்லை, படங்களும் இல்லை. மிஞ்சிய ஃபேஸ்புக் கணக்காவது போய்விடக் கூடாதென்று இடைக்கிடை அதற்குள் போய்வந்தாள். நடந்தது தெரியாத சிலர் பிறந்தநாளுக்கு இன்னும் "மச்சான், எங்கயடா இருக்கிறாய்?" என்று எழுதுவார்கள்.

இந்தத் தையில் அம்மா நேசமலருக்கு ஸ்மார்ட்போன் வந்தது. கனடாவில் நடக்கும் கலியாணங்களைப் பார்க்கட்டுமென்று ஹம்சிகாதான் கணக்குத் திறந்து கொடுத்தாள். அம்மா முதலில் தேடியது மகனின் பெயரை. நட்பு கேட்டு அனுப்பிவிட்டு, விளக்கு வைத்ததும் கதிரையில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். களுபோவிலவில் உள்ள மருந்துக்கடையில் வேலை முடித்து வந்து அந்த முகத்தைப் பார்க்க ஹம்சிகாவால் முடியவில்லை. ஒருநாள் பஸ்ஸில் இருந்தபடியே அண்ணனின் கணக்கில் நுழைந்து, சம்மதத்தை அழுத்திவிட்டாள்.

ஹம்சிகா வீட்டுப் படியேறும்போதே அம்மா கத்தினாள். "பிள்ளை, ஓடி வா! ராகுலன் ஏத்துக்கொண்டிட்டான்! பார், பேருக்குப் பக்கத்தில பச்சை எரியுது!"

ராசா, சாப்பிட்டியா? ராசா, எந்த இடமெண்டு மட்டும் சொல்லு. அம்மா எழுதிய ஒவ்வொன்றும் மகளின் கைபேசியில் வந்து அதிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா நல்ல சேலையொன்றை எடுத்து மடித்து வைத்தாள். "நாளைக்குக் காணாமற்போனோர் கந்தோருக்குப் போய், அவனைக் காணேல்லையெண்டு குடுத்த முறைப்பாட்டை வாபஸ் வாங்கப் போறன். உயிரோட இருக்கிறவனுக்கு என்னத்துக்கு வழக்கு?"

ஹம்சிகா சேலையை எடுத்து அப்பால் வைத்தாள். "அம்மா, அது நான். நான்தான் அமத்தினனான்."

"உனக்கு எப்பிடி அவன்ரை பாஸ்வேர்ட் தெரியும்?"

"அண்ணாதான் தந்தவர். போறதுக்கு முதல்."

"முந்தாநாள் வாங்கின மருந்தின்ரை பேரே எனக்கு ஞாபகமில்லை. நீ அவ்வளவு காலம் வச்சிருந்தனியாம்!"

"இஞ்ச பாருங்கோ, நீங்கள் எழுதினதெல்லாம் என்ரை போனில கிடக்கு."

அம்மா வாங்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "நான் எழுதினதை உனக்கும் அனுப்புறானோ?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பயப்பிடுறான் போல. அவன்தான் இப்பிடிச் சொல்லச் சொன்னவன், என்ன?"

ஹம்சிகா என்ன சொல்லியும் அது ஏறவில்லை. அம்மா எழும்பி அறைக்குள் போனாள். சற்று நேரத்தில் கைபேசி அதிர்ந்தது.

ராசா, தங்கச்சி ஒண்டும் காட்டிக்குடுக்கேல்லை. நாளைக்கு வழக்கை வாபஸ் வாங்கிப்போடுவன். பிறகு பயமில்லாமல் வா.

ஹம்சிகா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். கணக்கிலிருந்து வெளியேற விரல் வரவில்லை. அறைக்குள், அம்மாவின் கையில், பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.