மொன்றியல் ரீமுக்கு ஆள் இல்லை

எனக்கு ஊர்க் கழகம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்கு விளங்காது. யாழ்ப்பாணத்தில் எத்தனை ஊர் உண்டோ, மொன்றியலில் கிட்டத்தட்ட அத்தனை விளையாட்டுக் கழகம் உண்டு. ஊர்க் கோயிலின் பெயர், ஊருக்கென்று ஒரு நிறத்தில் ஜேர்சி, கோடையில் உதைபந்தாட்டப் போட்டி, கொத்துரொட்டி, கடைசியில் ஒரு சண்டை. எங்கள் ஊரிலிருந்து இங்கே வந்தது இரண்டு குடும்பம். எங்கள் குடும்பம் தவிர மற்றதும் ரொரன்ரோவுக்குப் போய்விட்டது. ஆகவே நான் போடக்கூடிய ஒரே ஜேர்சி மொன்றியல் ஜேர்சி. எல்லாக் கழகத்திலும் ஆள் எடுத்துச் சேர்க்கிற ரீம் அது. அதை நடத்துவதும் நான்தான்.

ஒரு காலத்தில் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ரொரன்ரோக்காரர் விளையாட வந்தால், டவுன்டவுன் உணவகச் சமையலறைகளில் வேலைக்கு நின்றவர்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஓடி வருவார்கள். எந்தக் கழகம் என்று பார்க்காமல் ஒரே பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள். இப்போது ஆள் சேர்ப்பதற்குள் எனக்குச் சீவன் போகிறது. "பாப்பம் அண்ணை." "பேந்து சொல்லுறன் அண்ணை." கழக மட்ச் என்றால் மட்டும் முழங்கால் வீங்கியவனும் முதல் ஆளாக வந்து நிற்பான்.

போன கோடையில் பயிற்சியின்போது ஒன்றைப் பார்த்தேன். எங்கள் ரீம் ஆள் ஒருவன் கோலுக்கு முன்னால் தனியாக நிற்கிறான். பந்து வைத்திருந்தவன் அவனுக்குக் கொடுக்காமல், திரும்பி எங்கள் கோல்கீப்பருக்கே உதைக்கிறான். ஒரு தடவை இல்லை, அன்று முழுக்க அதேதான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவன்ர ஊர்க்காரர் எங்கட ஊருக்குக் கள்ளக் கோல் அடிச்ச ஆக்கள், அண்ணை."

"எப்ப?"

"அப்பாவின்ர காலத்தில."

இவன் பிறந்தது இங்கே. ஊரைப் போனில் வந்த படங்களில் பார்த்ததோடு சரி. தம்பியோடு பிரெஞ்சில்தான் கதைப்பான். ஆனால் தான் பிறக்கும் முன்னர் யாரோ அடித்த ஒரு கோலுக்கு வஞ்சம் வைத்திருக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விசரா, அவன் உன்ர ரீமடா" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

ரொரன்ரோ ரீம் வந்த ஞாயிற்றுக்கிழமை, டொலார்ட்-டெஸ்-ஓர்மோ மைதானத்தில் புது ஜேர்சிகளோடு நின்றேன். நெஞ்சில் மொன்றியல் என்று தமிழிலேயே அடித்திருந்தோம். எங்கள் பக்கம் பாதி ரீம்கூட வரவில்லை. கோல்கீப்பருக்கு போன் எடுத்தேன்.

"வாற கிழமை கழகத்துக்கு செமி ஃபைனல், அண்ணை. கை கால் முறிஞ்சுதெண்டால் என்னைக் கொன்றுபோடுவாங்கள்."

ரொரன்ரோவிலிருந்து வந்த வான் வண்டியிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்தேன். அங்கேயும் பாதிதான். "எங்கட ஆக்களும் உப்பிடித்தான்" என்றார் அவர்களுடைய மனேஜர். இவ்வளவு தூரம் வந்து இதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்க வேண்டாமா?

அப்போதுதான் அந்தக் கள்ளக் கோலுக்கு வஞ்சம் வைத்திருந்தவன் வாயைத் திறந்தான். "ரெண்டு பக்கத்திலயும் எங்கட ஊர் ஆக்களும் அந்தக் கள்ளக் கோல் ஊர் ஆக்களும்தானே கூட. ஊருக்கு ஊர் விளையாடுவமே?"

எல்லோரும் போனை எடுத்தார்கள். அரை மணித்தியாலத்தில் கார் நிறுத்த இடமில்லை. மனைவிமார், பிள்ளைகள், மடக்குக் கதிரைகள், பெட்டி பெட்டியாகச் சோடா. கை கால் முறியும் என்று பயந்த கோல்கீப்பர், கழக ஜேர்சியோடு, கையுறையையும் மாட்டிக்கொண்டே காரிலிருந்து இறங்கினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு ஊரையும் சேராதவர்கள், பெண் எடுத்தது கொடுத்தது சொல்லி ஒவ்வொரு பக்கம் ஒட்டிக்கொண்டார்கள்.

"அண்ணை, நீங்கள் எந்த ஊர்?" என்று ஒருவன் கேட்டான்.

"மொன்றியல்."

"அது தெரியும் அண்ணை. ஊரைச் சொல்லுங்கோ."

சொன்னேன். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். "அப்ப நீங்கள் றெஃப்ரியா நில்லுங்கோ" என்று விசிலை என் கையில் வைத்தான்.

விசிலைப் புல்லில் எறிந்தேன். பந்து நான் கொண்டுவந்த பந்து. அதையும் ஜேர்சிப் பையையும் தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தேன். பந்துக்காகவாவது ஒருவன் பின்னால் ஓடி வருவான் என்று நினைத்தேன். நின்று நாலு பேச்சுப் பேசிவிட வேண்டும் என்றும் நினைத்திருந்தேன். கார்க் கதவைத் திறக்கும்போது பின்னால் விசில் கேட்டது. அவர்களிடம் வேறு பந்து இருந்திருக்கிறது.