மருந்துக்குள் வளர்ந்தது

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பம்பாய், பிறகு ஒரு மீன்பிடிக் கப்பல், அதற்குப் பிறகு குவைத்தில் ஃபஹாஹீல். எண்பதுகளின் நடுவில் அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தேன். ஆபரேஷன் முடிந்தவர்கள் படுக்கும் வார்டு என்னுடையது.

அந்த வார்டில் தையல் போட்ட இடங்கள் அடுத்தடுத்துச் சீழ் பிடித்தன. காரணம் கண்டுபிடிக்க ஒரு ஆராய்ச்சி டாக்டரை வரவழைத்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ் ஆள் என்று எனக்கு இருந்த சந்தோஷம் முதல் நாளோடு போயிற்று.

"கையை நீட்டும்" என்றார். பஞ்சு சுற்றிய குச்சியால் நகக்கண்ணில் தேய்த்தார். பிறகு மூக்குக்குள்ளும் விட்டு எடுத்தார்.

"பெரிய டாக்டர் மூக்குலயும் விட்டீங்களா சார்?"

"உம்மட வேலை துடைக்கிறது. என்ர வேலை கேக்கிறது."

பெரிய டாக்டர்கள் மூக்கிலும் அவர் விட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் தங்கியிருந்த கேம்பில் இந்தச் சோதனைச் செய்தி பரவி, என் தட்டைத் தனியாக வைத்துவிட்டார்கள். "கிருமி டூட்டி முடிஞ்சு வருது, வழி விடுங்கப்பா" என்று ஒருவன் சொல்ல, ரூமே சிரித்தது. எங்கள் சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். "ஒன் கையில ஏதாவது இருந்துச்சுன்னா கஃபீல் அடுத்த பிளைட்ல ஏத்திருவாம்ல. பெட்டியக் கட்டி வையி" என்றார். கஃபீல் என்றால் எங்களுக்கு விசா கொடுத்த அரபி முதலாளி. என் பாஸ்போர்ட் சூப்பர்வைசர் அலமாரியில் இருந்தது. விசாவுக்காக வீட்டை விற்றுவிட்டு வந்தவன் நான். ஊருக்கு அனுப்பினால் எங்கே போய்ப் படுப்பது?

கை சுத்தம் என்று முடிவு வந்தது. மறுநாள் டாக்டர் வார்டு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் செய்வதையெல்லாம் எழுத ஆரம்பித்தார்.

"கதை எழுதுறீங்களா சார்?"

தலை நிமிராமல் அடுத்த வரியை எழுதினார்.

புண் கழுவும் மருந்து தள்ளுவண்டியில் ஒரு பழுப்புப் பாட்டிலில் இருக்கும். அது பாதி குறைந்திருந்தது. பெரிய கேனிலிருந்து எடுத்துக் கழுத்துவரை ஊற்றினேன். டாக்டர் எழுந்து வந்தார்.

"இதைக் கடைசியா எப்ப கவிட்டுக் கழுவினனீர்?"

"மருந்தை யாராவது கொட்டுவாங்களா சார்? குறையக் குறைய ஊத்துவோம்."

"எவ்வளவு காலமா?"

"நான் வந்ததுலேருந்து. எட்டு மாசம்."

மீதி மருந்தைக் கொட்டக் கூடாது, மேலேயே ஊற்ற வேண்டும் என்று சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லித் தந்திருந்தார். என் வார்டில் பாட்டில் ஒருநாளும் காலியானதில்லை. அதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

இரண்டு நாள் கழித்து டாக்டர் என்னை ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டார். ஒரு கண்ணாடித் தட்டை முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் பச்சையாகப் பாசி மாதிரி ஏதோ படர்ந்திருந்தது.

"உம்மட போத்தல். புண்ணில இருக்கிறதும் இதுதான். மருந்துக்குள்ளயே வளருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிருமியைக் கொல்ற மருந்துலயா?"

"சிரியாதையும். எட்டாம் கட்டில்காரனுக்கு நேற்றுக் கால் எடுத்தது."

எட்டாம் கட்டிலில் இருந்தவன் ஒரு பெஷாவர் லாரி டிரைவர். தினமும் காலையில் என்னை பாய், அவன் பாஷையில் சகோதரன், என்று கூப்பிடுவான். அவன் புண்ணையும் அந்தப் பாட்டில் மருந்தால்தான் கழுவினார்கள்.

சூப்பர்வைசரையும் அங்கே வரவழைத்தார்கள். "நான் எப்பச் சொன்னேன்? இவனாச் செஞ்சிருக்கான் டாக்டர்" என்றார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீர் தனிய செய்ததெண்டால் ஒரு போத்தல்தான் பழுது. இவர் சொல்லித் தந்ததெண்டால் எல்லா வார்டும் பழுது. எது?"

சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும்.

"எல்லா வார்டும் சார். இவர்தான் எங்க எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தாரு."

அன்றே எல்லா வார்டுப் பாட்டில்களையும் எடுத்துப் போனார்கள். பாதிக்குமேல் பழுது. அந்த வாரமே எனக்குக் கலாஸ், வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். சூப்பர்வைசருக்கு ஒன்றும் ஆகவில்லை.

டாக்டரின் அறை வாசலில் போய் நின்றேன். "நான் சொன்னதாலதானே சார் கண்டுபிடிச்சீங்க? மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் கிருமியைப் பிடிக்க வந்தனான். ஆக்களைக் காப்பாத்த வரேல்ல."

ஊரில் சொல்லும் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. பேனா கொஞ்சம் நின்றது, பிறகு மறுபடி ஓடியது.

வெளியே போக எட்டாம் கட்டிலைத் தாண்ட வேண்டும். "பாய்" என்று கூப்பிட்டான். காதில் விழாதவன் மாதிரி நடந்தேன்.