பழத்தைத் தொடலாமா?

கொல்லிமலை செம்மேட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவரைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, கழுத்தில் கயிற்றோடு தொங்கும் கண்ணாடி. ஏதோ மியூசியத்தில் ஐரோப்பிய ஓவியப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவராம். எதைப் பார்த்தாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை மட்டும் நீட்டிப் பார்ப்பார். தெருநாயைக்கூட அப்படித்தான் பார்த்தார்.

ரோட்டோரம் ஓர் அம்மாள் பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தார். இவர் அதையும் வெளிச்சம் விழும் பக்கமெல்லாம் சுற்றிவந்து பார்த்தார்.

“ஏனுங்க, பலாப்பழமே பாத்ததில்லீங்களா?” என்றார் அந்த அம்மாள்.

“முப்பது வருஷமா பழத்தைத்தாம்மா பார்த்தேன். எல்லாம் வரைஞ்ச பழம். யாரும் தொட்டுடாம பாத்துக்கறதுதான் என் வேலை.”

“இது திங்கற பழமுங்க. எடுத்துக்குங்க.”

அவர் தயங்கினார். “தொடலாமா?” என்று நிஜமாகவே கேட்டார்.

“தொடாம எப்பிடிங்க திங்கறது?” அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, பிசின் ஒட்டாமலிருக்க அவர் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் ஊற்றினார். இவர் தன் கையாலேயே பிய்த்துப் பிய்த்து ஏழு சுளை தின்றார்.

பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். கை கழுவிக்கொள்ளட்டுமென்று தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

“கொஞ்ச நேரம் இருக்கட்டுமே” என்றார்.

எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடியும்வரை, மினுமினுத்த அந்தக் கைகளை மடிமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.