குருபரப்பள்ளி ஊதா எண்ணெய்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஓசூர் பேருந்து நிலையத்தில் கிருஷ்ணகிரி வண்டி ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர். உட்கார இடமில்லை. நின்றேன், இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் வைத்துக்கொண்டு.

“கம்பியப் புடிங்கண்ணா. சூளகிரியில பிரேக் போட்டா டிரைவர் மடியிலதான் போய் உக்காருவீங்க,” என்றார் நடத்துநர்.

பிடிக்கவில்லை. உள்ளங்கையிலும் விரல்களிலும் செதில். சொரியாசிஸ், யாருக்கும் தொற்றாது என்று ஓசூர் தோல் மருத்துவர் மூன்று முறை சொல்லிவிட்டார். நான் நம்பியதென்னவோ கைப்பேசியில் பார்த்த படங்களைத்தான். பதினோரு மணிக்குக் கிருஷ்ணகிரி கோயிலில் அக்கா மகள் ஸ்டெல்லாவின் பையனுக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தந்தை. பாதிரியார் தண்ணீர் ஊற்றும்போது பிள்ளையை ஏந்தவேண்டியவன். பூப்போன்ற அந்தத் தோலில் என் கை பட்டு ஏதாவது வந்துவிட்டால்? ஸ்டெல்லாவிடம் நான் மூச்சே விடவில்லை.

செதிலுக்கு எண்ணெய் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, எட்டரைக்குக் குருபரப்பள்ளியில் இறங்கினேன். இளநீர்க் கடைகளைத் தாண்டி, தக்காளித் தோட்டங்களின் நடுவே ஒரு கிலோமீட்டர் நடந்தால் மஞ்சுளா அம்மாவின் காளான் கொட்டகை. ஈர வைக்கோல் அடைத்த பைகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஓட்டைகள் வழியே சிப்பிக் காளான்கள் ஒட்டுக்கேட்பதுபோலக் காது நீட்டியிருக்கின்றன. விற்காமல் மிஞ்சும் காளானைக் காய்ச்சி, கற்றாழை சேர்த்துக் களிம்பு செய்கிறார். டப்பா நூற்றிருபது ரூபாய். கூரைமேல் கண்ணாடிப் புட்டிகள் வெயில் காய்ந்தன. வெட்பாலை இலையை இரும்பு படாமல் கையால் கிள்ளிப் போட்ட தேங்காய் எண்ணெய். ஒரு வார வெயிலில் ஊதாவாகிவிடுமாம். புட்டி நூற்றைம்பது.

“பதினோரு மணிக்குள்ள போயிடுமாங்க?”

“எது?”

“செதில்.”

அவர் பக்கத்தில் இருந்த தன் கணவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். கணவர் என்னைப் பார்க்காமல் சிரித்தார். பார்த்துச் சிரித்திருந்தால் வலித்திருக்காது.

“எண்ணெயே ஒரு வாரம் வெயில்ல கெடக்குதுண்ணா, உங்களுக்கு ரெண்டு மணி நேரத்துல போயிடணுமா? களிம்பு தோலக் காய விடாது. எண்ணெ அரிப்பக் கொஞ்சம் அடக்கும். அவ்ளோதான். டாக்டர் மருந்த நிறுத்திடாதீங்க,” என்றார் மஞ்சுளா அம்மா.

இதைக் கேட்டபின் அறிவுள்ளவன் என்ன செய்வான்? நான் ஒரு புட்டி எண்ணெய் வாங்கி, நெடுஞ்சாலை நிறுத்தத்தில் பாதியைக் கையில் தேய்த்தேன். மீதியை வெள்ளைச் சட்டைப் பையில் செருகி அடுத்த வண்டி ஏறினேன். மூடி சரியாக மூடவில்லை என்பது கிருஷ்ணகிரியில் இறங்கியபோது தெரிந்தது. நெஞ்சின்மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா. இப்போது புதுக் கவலை: எண்ணெய்க் கையில் பிள்ளை வழுக்கினால்? கோயில் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினேன். எண்ணெய் போனது, செதில் போகவில்லை.

“ஞானத்தந்தை பிள்ளைய வாங்கிக்கங்க,” என்றார் பாதிரியார்.

“எனக்கு மூட்டு வலி, ஸ்டெல்லா. ஞானத்தாயே ஏந்தட்டுமே.”

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: “ஓசூர் தோல் டாக்டர்கிட்ட உங்க பக்கத்து சேர்ல ஒரு அம்மா முக்காடு போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாங்களே, ஞாபகம் இருக்கா மாமா?”

“இருக்கு.”

“எங்க மாமியார். அவங்களுக்கும் இதேதான். தெனம் இவனக் குளிப்பாட்டறதே அவங்கதான். புடிங்க.”

பிடித்தேன். தண்ணீர் விழுந்ததும் பையன் வீறிட்டான். என் கட்டைவிரலை மட்டும் விடவில்லை.

மாலை ஓசூர் வண்டியிலும் உட்கார இடமில்லை. காலையில் இருந்த அதே கூட்டந்தான். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“கையில என்னங்க அது?” என்றார் பக்கத்தில் நின்றவர்.

“சொரியாசிஸ். தொத்தாது.”

அவர் இரண்டடி தள்ளி நின்றார். ஓசூர் வரை நான் வசதியாக நின்றுகொண்டு வந்தேன்.